குழலும் துணியும்: பாளையப் போர்க்காலத் துப்பாக்கி பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

திருவில்லிபுத்தூரினின்று தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழி இராசபாளையம், சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர் ஆகிய ஊர்களை முறையே கடந்து தென்காசியை அடைகின்றது. மேற்கே வானளாவிய மலைத்தொடர்; கிழக்கே பரந்த கரிசல் நிலம். 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஆர்க்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கும்பினியின் படையும் இந்நிலப்பகுதியிற் பலமுறை நடந்தன. 1755 முதல் 1801 வரை இங்கும் இதன் கிழக்கே பாஞ்சாலங்குறிச்சி வரையிலும் நிகழ்ந்த போர்களைப் பற்றி நூல்கள் பல வந்துள்ளன. அந்நூல்களிற் கோட்டைகளின் மதில் பேசப்படுகின்றது. பீரங்கிகளின் வலிமை பேசப்படுகின்றது. தலைவர்தம் வீரமும் வீழ்ச்சியும் விரித்துரைக்கப்படுகின்றன. ஆயின், வீரர் கையிலிருந்த துப்பாக்கி எவ்வகையது, அதன் குழலுள் மருந்தும் குண்டும் எவ்வாறு வைக்கப்பட்டன என்பன போன்ற வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதேயில்லை.

இதனால் விளையும் குழப்பம் சிறிதன்று. வெள்ளையர் கையில் குறிதவறாத 'ரைபிள்' இருந்தமையாலேயே பாளையக்காரர் தோற்றனர் என்று கூறுவார் ஒரு சாரார். பாளையக்காரர் கையிலும் 'ரைபிள்' இருந்தது எனப் பெருமையாக எழுதுவார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் ஒரே பிழையின் இரு முகங்கள். துப்பாக்கி என்னும் சொல்லையும் ரைபிள் என்னும் சொல்லையும் ஒருபொருட் கிளவிகளாகக் கொண்டதே அப்பிழைக்குக் காரணம்.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியத் துணைபுரியும் பொருள் மிகச் சிறியது. குண்டைப் பொதிந்து குழலினுள் செலுத்தப்படும் வட்டத் துணியே அது. அத்துணி எங்கே வேண்டப்பட்டது, எங்கே வேண்டப்படவில்லை, அது ஏன் கிழிந்தது, கிழிந்தால் என்ன நேர்ந்தது என்பவற்றை முறையே ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியின் ஒளியிற் பாளையப் போர்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல் வரலாறு

போர்க்கருவி பிறநாட்டினின்று வருங்கால் அதன் பெயரும் உடன்வருதல் இயல்பு. 'துப்பாக்கி' என்பது துருக்கியரும் பாரசீகரும் வழங்கிய சொல்லின் திரிபு. தெலுங்கின் 'துபாக்கி' என்பதனோடு ஒப்புநோக்கத் தக்கது. 'பீரங்கி' என்பது ஐரோப்பியரைக் குறித்த 'பிரங்கி' என்னும் சொல்லினின்று பிறந்தது. கொண்டுவந்தவன் பெயரே கொண்டுவரப்பட்ட பொருளுக்கு ஆயிற்று. பற்றவைக்கும் மருந்தைக் குறிக்கும் 'இரஞ்சகம்' வடசொல். 'தோட்டா' இந்துத்தானி வழியாக வந்தது.

'கெசம்' என்னும் சொல் தனித்து நோக்கற்பாலது. பாரசீகத்தினின்று வந்த இச்சொல் இந்துத்தானியில் துணி அளக்கும் கோலையும் குறிக்கும். துப்பாக்கியின் குழலிற் குண்டைக் கெட்டிக்கும் சலாகையையும் குறிக்கும். தமிழில் அளவுப்பொருளே பெருவழக்காயிற்று. துணியை அளந்த கோலும் துணியைக் குழலினுள் தள்ளிய கோலும் ஒரு பெயரால் வழங்கின என்பது நம் ஆய்வுப் பொருளுக்கு இயைந்ததொரு செய்தியாம்.

இனி, மருந்து, குண்டு, திரி, குழல், தக்கை ஆகிய சொற்களை நோக்குவோம். இவையெல்லாம் முன்னரே வேறு பொருள்களில் வழங்கிப் பின்னர்த் துப்பாக்கித் தொழிலுக்கு எடுத்தாளப்பட்டவை. நோய் தீர்ப்பதும் மருந்து. வெடித்து உயிர் போக்குவதும் மருந்து. குடத்தின் வாயை அடைப்பதும் தக்கை. குழலினுள் மருந்தை அடக்கி நிறுத்துவதும் தக்கை. 'கான்சாகிபு சண்டை', 'வீரபாண்டியக் கட்டபொம்மு கதைப்பாடல்' ஆகிய கதைப்பாடல்களைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அவைபோன்ற நூல்களைப் பயில்வோர் இத்தொழிற்சொற்களின் பொருளைத் தெளிவுற அறிந்திருத்தல் வேண்டும். போர் நிகழ்ச்சியைப் பாடும் இலக்கியத்தில் ஒரு கருவிப்பெயரின் பொருளைப் பிழைபட உணரின், நிகழ்ச்சியையே பிழைபட உணர்ந்தவராவோம்.

குண்டைப் பொதியும் துணிக்கு நிலைபெற்ற தமிழ்ப்பெயர் வேண்டியுள்ளது. இக்கட்டுரையில் அதனைப் 'பொதிதுணி' என்றும், உட்புறத்தில் சுரிந்து செல்லும் வரிகளையுடைய ரைபிளைச் 'சுரிகுழல்' என்றும், அத்தகைய வரிகள் இல்லாததனை 'வரியற்ற குழல்' என்றும் வழங்குவாம்.

2. தக்கையும் பொதிதுணியும்

வாய்வழியே மருந்திடும் துப்பாக்கியில் முதலில் வெடிமருந்து சொரியப்படும். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் ஏறத்தாழ 75, 15, 10 என்னும் விழுக்காட்டிற் கலந்து அரைக்கப்பட்டது அம்மருந்து. அதன்மேல் ஈயக்குண்டு இறங்கும். இவ்வளவும் எல்லாத் துப்பாக்கிக்கும் பொது. வேறுபாடு குண்டுக்கும் குழலுக்கும் இடையேயுள்ள வெளியில்தான் தொடங்குகின்றது.

வரியற்ற குழலில் குண்டு குழலினும் சிறிதாக வார்க்கப்படும். ஆங்கிலக் காலாட்படையினர் ஏந்திய துப்பாக்கியின் குழல்வாய் 0.75 அங்குலம், குண்டு ஏறத்தாழ 0.69 அங்குலம். இடைவெளி 0.06 அங்குலம். கரிமருந்து எரியுந்தோறும் குழலிற் கசடு படியும் ஆதலின், விரைந்து பலமுறை சுடுவதற்கு இவ்விடைவெளி இன்றியமையாதது. குண்டும் மருந்தும் கீழே சரியாமல் நிற்கக் காகிதமோ, நாரோ, கந்தையோ திணிக்கப்படும். அதுவே தக்கை. தேங்காய் நாரைத் தக்கையாகத் திணிக்கும் வழக்கம் நாட்டுத் துப்பாக்கியுடையாரிடம் உண்டு. தக்கை கிழியினும் கருகினும் பெருங்கேடு இல்லை. குண்டு எப்படியும் குழலின் பக்கங்களில் முட்டிமோதியே வெளியேறும். ஆதலின், ஒரு மனிதனைக் குறிவைத்துச் சுட்டு வீழ்த்துதல் நூறு கெச எல்லைக்குள்ளும் அரிது. பலர் ஒருங்கு நின்று ஒருசேரச் சுடும் போர்முறை இக்குறையினாலேயே தோன்றியது.

சுரிகுழலின் தன்மை வேறு. அதன் உட்புறத்து வரிகள் குண்டைச் சுழலச் செய்கின்றன. சுழலும் குண்டு நேர்வழி விலகாது செல்கின்றது. ஆனால் குண்டு வரிகளைப் பற்றினாலன்றிச் சுழலாது. ஈயக்குண்டை வரிகளோடு பொருந்துமளவு பெரிதாக வார்த்தால் வாய்வழியே இறக்குதல் பெரும்பாடு. சிறிதாக வார்த்தால் பிடிப்பில்லை. இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தது எண்ணெயோ கொழுப்போ ஊட்டிய துணி. அரை அங்குலக் குழலுக்கு 0.490 அங்குலக் குண்டும், 0.015 முதல் 0.018 அங்குலம் வரை தடிப்புள்ள துணியும் பொருந்தும் என்பர் இன்றும் இத்துப்பாக்கியைப் பழகுவோர். குண்டின் இருபுறமும் துணி அமைதலின் மொத்த அளவு குழலினும் 0.02 அங்குலம் அளவில் மிகுகின்றது. அம்மிகுதி நசுங்கி வரிகளுள் புகுந்து இறுகுகின்றது. இங்ஙனம் குண்டு துணியைப் பற்ற, துணி வரியைப் பற்ற, வரியின் சுழற்சி குண்டுக்கு வாய்க்கின்றது.

மருந்தை நிறுத்துவதே தக்கையின் தொழில்; பொதிதுணியோ குண்டையே செலுத்துவது. வரியற்ற குழலிலும் வேட்டையாடுவோர் சிலர் குண்டைத் துணியிற் பொதிதல் உண்டெனினும், ஆங்கு அது விருப்பம். சுரிகுழலில் அது கட்டாயம். இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு மேற்செல்வோம்.

3. கிழிந்த துணி கூறும் செய்தி

சுட்டபின் பொதிதுணி குண்டினின்று நீங்கிக் குழல்வாய்க்கு முன்னே பத்து முதல் முப்பது அடிக்குள் விழும். அதனைத் தேடியெடுத்துப் பார்ப்போர்க்குக் குழலினுள் நிகழ்ந்ததனைத்தும் விளங்கும். ஏட்டுச்சுவடியின் சிதைவை நோக்கிச் செல்லரித்ததோ, ஈரம் பட்டதோ, ஏடெழுதினான் கை பிழைத்ததோ என்று பதிப்பாசிரியர் துணிவது போன்ற முறையே இதுவும்.

நன்கு பணிசெய்த துணி நடுவிற் கரியேறியும், மடிப்புகளின் தடம் சுற்றிலும் தெரியவும், ஓரத்தில் மட்டும் நூல் பிரிந்தும், முழுமையாகக் கிடைக்கும். அவ்வாறன்றிச் சிதைந்திருப்பின் சிதைவின் இடமும் வடிவமும் காரணத்தைக் காட்டும்.

முதலாவது, குண்டின் சுற்றளவையொட்டி வட்டமாகவும் சம இடைவெளியிலும் அமைந்த வெட்டுகள். வரிகளுக்கு இடைப்பட்ட மேடுகளின் விளிம்பு கூர்மையாயிருத்தலையோ குழல்வாயின் விளிம்பு கூர்மையாயிருத்தலையோ இவை உணர்த்தும். இரண்டனுள் எது என்றறிய எளிய வழியொன்று உண்டு. மருந்திடாமலே துணி பொதிந்த குண்டைச் சிறிதளவு உள்ளே இறக்கி, திருகுமுனை பொருத்திய கோலால் மீண்டும் வெளியே இழுத்துப் பார்த்தல் வேண்டும். அப்போதே வெட்டு இருப்பின் குற்றம் குழல்வாயினது. நுண்ணிய உப்புத்தாளைப் பெருவிரலால் அழுத்திச் சுழற்றி அவ்விளிம்பை மழுக்குவர். குண்டை ஆழ இறக்கி எடுத்தபின்னரே வெட்டுக் காணின் உட்புறத்து மேடுகள் கூரியன. குழலைத் தேய்த்து மெருகிடலாம். புதுக்குழலாயின் பலமுறை சுடச்சுடத் தானே மழுங்கும்.

இரண்டாவது, நடுவே பொத்தல். குண்டின் அடிப்பகுதி அமர்ந்த இடம் எரிந்தோ பிய்ந்தோ போயிருப்பின், மருந்தின் தீயைத் துணி தாங்கவில்லை என்பது தெளிவு. துணி மெலிதாயிருத்தல், எண்ணெய்ப்பசை போதாமை, மருந்தின் அளவு மிகுதல் என்பன காரணங்களாம். தடித்த துணியிடல், பசை கூட்டல், மருந்து குறைத்தல், மருந்துக்கும் துணிக்கும் இடையே தனித்ததொரு தக்கை வைத்தல் ஆகியன பரிகாரங்கள். தொல்தக்கையும் பொதிதுணியும் ஒரே குழலில் துணைநிற்கும் இடம் இது.

மூன்றாவது, நடுவிடம் நன்றாயிருக்க, அதனைச் சூழ்ந்த வளையம் மட்டும் கருகியிருத்தல். வரிகளின் பள்ளத்தைத் துணி முழுதும் நிரப்பவில்லை. அவ்வழியே எரிவளி முந்திச் சென்றது என்பதே இதன் பொருள். சற்றுப் பெரிய குண்டு அல்லது சற்றுத் தடித்த துணி இக்குறையை நீக்கும்.

நான்காவது, ஒருபுறம் மட்டும் கிழிதல். இதற்குத் துணியின்மேற் குற்றமில்லை. குண்டு நடுவில் அமையாமற் சாய்ந்தது எனக் கொள்க. இட்டவன் கையின் பிழை அது.

ஐந்தாவது, வெட்டோ எரிவோ வரையறையின்றித் துணி நைந்து சின்னபின்னமாதல். துணி உளுத்தது. எண்ணெய் ஊட்டிப் பன்னாள் வைத்த துணி இழை வலிமை குன்றும். துருவேறிய குழலின் சொரசொரப்பும் இவ்வாறே துணியை அராவும். ஒரே பெட்டியிலிருந்த துணிகளனைத்தும் இவ்வாறாயின் குற்றம் துணியினது. புதுத்துணியும் இவ்வாறாயின் குழலினது.

இவை அனைத்திற்கும் விளைவு ஒன்றே. துணி கிழிந்தால் குண்டுக்கும் வரிக்கும் உள்ள தொடர்பு அறுகின்றது. குண்டு சுழலாமல், அல்லது சுட்ட ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவிற் சுழன்று, குறி தவறுகின்றது. சுரிகுழல் தன் பெருமையை இழந்து, இடுவதற்கு அரிய வரியற்ற குழலாகவே ஆகிவிடுகின்றது. குறி தவறியதற்குக் கண்ணையோ கையையோ நோவதற்கு முன்னர்த் துணியை நோக்குக என்பது இத்தொழிலின் அடிப்படை.

கேடு குறி தவறுதலோடு நிற்பதுமன்று. கனன்றுகொண்டே வீழும் துணி உலர்ந்த புல்லிலும் ஓலைக்கூரையிலும் தீயை விளைக்கும். குண்டு மருந்தின்மேற் படியாமல் இடையில் நின்றுவிட்டாற் குழலே வெடித்தலும் உண்டு.

4. துணியும் நெசவும்

பொதிதுணிக்குரிய இலக்கணம் மூன்று: பருத்தி நூலாதல், நெருங்கிய நெசவு, ஒருசீரான தடிப்பு. செயற்கை இழை கலந்த துணி வெப்பத்தில் உருகிக் குழலில் ஒட்டும். நெருக்கமில்லா நெசவு தீக்கும் விளிம்புக்கும் இடந்தரும்.

இவ்விலக்கணத்தை இப்பகுதியின் நெசவுத்தொழிலே நன்கு விளக்குகின்றது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவத்திற்குரிய காயக்கட்டுத் துணி நெய்தலிற் பெயர்பெற்றது. அத்துணி இழைகளுக்கிடையே வெளிவிட்டு நெய்யப்படுவது. குருதியையும் நீரையும் உறிஞ்சுதலே அதன் தொழில். பருத்தியேயாயினும் அது பொதிதுணிக்கு உதவாது. முதல் வெடியிலேயே பஞ்சாய்ப் பறக்கும். கைத்தறியில் நெருக்கி நெய்த முரட்டுக் காடாத்துணி இதற்கு ஏற்றது. ஒரே பஞ்சு, ஒரே ஊர், ஒரே தறி. இழை நெருக்கத்தின் வேறுபாட்டால் ஒன்று புண்ணைக் கட்டவும் மற்றொன்று புண்ணை விளைக்கவும் பயன்படுவதாயிற்று.

மற்றொரு நுட்பமும் உண்டு. பாவுநூல் அறுந்துபோகாமைப் பொருட்டு நெசவாளர் கஞ்சியிடுவர். கஞ்சி ஏறிய புதுத்துணி தடிப்பாகவும் உறுதியாகவும் தோன்றும், ஆயினும் எண்ணெயை ஏற்காது, மடியுமிடத்து முறியும். ஆதலின் துவைத்துக் கஞ்சி போக்கிய பின்னரே அதனை அளந்து பார்த்தல் வேண்டும். கடையிற் கண்ட தடிப்பை நம்பி வாங்கியவர் துணி கிழிவதற்குக் காரணம் புரியாமல் மயங்குதற்கு இதுவும் ஓர் ஏதுவாகும்.

1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி இராசா தோற்றுவித்த நூற்பாலையால் இராசபாளையம் ஆலைத்தொழில் நகராக வளர்ந்தது. ஆலைநூல் வருமுன்னர்க் கையால் நூற்ற நூல் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருத்தல் இயல்பு. ஆயிரத்தில் ஓரிரு பங்கு அங்குல வேறுபாட்டையும் பொறாத பொதிதுணிக்குச் சீரான நூல் எத்துணை இன்றியமையாதது என்பதை இதனால் உணரலாம். உலோகத் தொழிலோடு நெசவுத் தொழிலும் கைகோத்தாலன்றிச் சுரிகுழல் தன் பணியை ஆற்றுதல் இயலாது.

5. பாளையப் போர்களிற் காணும் சான்று

இனிப் போர் நிகழ்ச்சிகளை நோக்குவாம். 1755இல் கர்னல் எரோனும் மாபூசுகானும் பெரும்படையுடன் நெல்லைச்சீமைக்கு வந்தனர். நெற்கட்டுஞ்செவலிற் புலித்தேவரின் கோட்டையைத் தகர்க்கத் தக்க பீரங்கி இன்மையால் எரோன் வெற்றியின்றித் திரும்பினார். 1759இன் இறுதியில் யூசுபுகான் என்னும் கான்சாகிபு வாசுதேவநல்லூரைத் தாக்கிக் கைப்பற்ற இயலாமற் பின்வாங்கினார். 1761இல் மீண்டும் வந்து நெற்கட்டுஞ்செவல், பனையூர், வாசுதேவநல்லூர் ஆகியவற்றைக் கைப்பற்றினார். அதே யூசுபுகான் நவாபையும் கும்பினியையும் எதிர்த்து 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். 1767இல் கர்னல் காம்பெல் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டபோது, பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கையிலேயே உள்ளிருந்தோர் பனைமரத்தையும் வைக்கோலையும் கொண்டு மதிலின் உடைப்பை அடைத்தமையை ஆங்கிலேயரே வியந்து எழுதினர். 1783இல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தபின் சிவகிரியின் மலையரணை நோக்கி நடந்தார்.

1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேசர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியின்மேல் நடத்திய தாக்குதல் தோல்வியுற்றது. கோட்டையை விட்டு நீங்கிய கட்டபொம்மன் பின்னர்ப் பிடிபட்டு அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மீண்டும் எழுந்த அக்கோட்டையை மார்ச்சு இறுதியில் மெக்காலே தாக்கித் தோற்றார். மேலும் படையும் பீரங்கியும் வந்து சேர்ந்தபின், மே 24இல் கர்னல் அக்னியூவின் தலைமையில் அது வீழ்ந்தது. அப்போரில் நேரிற் பங்குகொண்ட வெல்சு, பாளையக்காரரின் நீண்ட ஈட்டிகளைச் சிறப்பாகக் குறிப்பிடுகின்றார். அவை 18 முதல் 20 அடி நீளமுடையன.

இந்நிகழ்ச்சிகளிற் பொதுவாக ஓர் உண்மை புலனாகின்றது. பெரும்பீரங்கி வந்தடைந்தவிடத்துக் கோட்டை வீழ்ந்தது, வாராதவிடத்து வீழவில்லை. கைத்துப்பாக்கியின் குறிநுட்பத்தால் முடிவு செய்யப்பட்ட போர் இவற்றுள் ஒன்றுமில்லை.

அது மட்டுமன்று. கும்பினிக் காலாட்படையின் துப்பாக்கியும் வரியற்ற குழலேயாகும். 39 அங்குலக் குழலையுடைய அவ்வகை, கும்பினிக்கென்றே செய்யப்பட்டு 'இந்திய மாதிரி' எனப் பெயர்பெற்று, 1790களில் பிரித்தானிய அரசின் படையாலும் மேற்கொள்ளப்பட்டது. பாளையக்காரரின் துப்பாக்கிகள் பெரும்பாலும் திரித்துப்பாக்கிகள். இந்தியத் திரித்துப்பாக்கிகளுட் சில சுரிவரி பெற்றிருந்தன எனினும், பெரும்பாலானவை வரியற்றவையே. ஆகவே, குழலின் அமைப்பில் இருதிறத்தாரும் ஒரே நிலையினர். இருவர்க்கும் வேண்டியது தக்கையே, பொதிதுணியன்று.

அங்ஙனமாயின் வேறுபாடு எங்கே உளது? தீ மூட்டும் முறையிலும் தோட்டாவிலும் உளது. திரித்துப்பாக்கிக்கு எரியும் திரி எப்போதும் கையில் வேண்டும், மழையில் அணையும், இருளில் ஒளிர்ந்து இடத்தைக் காட்டிக் கொடுக்கும். சக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கியும் மழைக்கு அஞ்சுவதே ஆயினும் எரிதிரி வேண்டாதது. மேலும், கும்பினிச் சிப்பாயின் பையில் அளந்த மருந்தும் குண்டும் ஒருங்கே சுற்றிய காகிதத் தோட்டாக்கள் இருந்தன. காகிதத்தைப் பல்லாற் கடித்து, மருந்தைச் சொரிந்து, குண்டை அக்காகிதத்தோடே உள்ளே தள்ளுவான். அக்காகிதமே தக்கையாயிற்று. மருந்தைத் தனியே அளந்து, குண்டைத் தனியே இட்டு, தக்கையைத் தனியே தேடும் காலத்தாழ்வு அவனுக்கு இல்லை. நன்கு பயின்றவன் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவான்.

இதனால் அறியக் கிடப்பது யாது? பாளையக்காரரின் குறைவு கண்ணின் கூர்மையிலும் அன்று. நெஞ்சின் உரத்திலும் அன்று. குழலின் தரத்திலும் அன்று. காகிதம், மருந்து, குண்டு ஆகியவற்றை ஒரே அளவில் ஆயிரக்கணக்கிற் செய்து படைக்கு ஓயாது வழங்கிய அமைப்பு ஒருபுறம் இருந்தது, மறுபுறம் இல்லை. பெரும்பீரங்கியும் அவ்வமைப்பின் மற்றொரு விளைவே.

6. சுரிகுழல் வந்த காலம்

பிரித்தானியப் படையில் சுரிகுழல் ஓரளவு பரவலாகப் புகுந்தது 1800இல் எசிக்கியேல் பேக்கர் என்பார் அமைத்த துப்பாக்கியால் ஆகும். 30 அங்குலக் குழல், ஏழு வரிகள், குழல் முழுமைக்கும் காற்சுற்று. எண்ணெயூட்டிய பொதிதுணிகளை வைக்க அதன் அடிக்கட்டையிலேயே மூடியுடைய பேழை அமைந்திருந்தது. சிறப்புப் படைப்பிரிவினர்க்கே அது தரப்பட்டது. பாளையப் போர்கள் 1801இல் முடிந்துவிட்டன. 1830களின் பிற்பகுதியில் வந்த புருன்சுவிக்கு வகை இரண்டே வரிகளை உடையது; குண்டின் நடுவே வரிகளிற் பொருந்தும் பட்டை ஒன்று வார்க்கப்பட்டது. குண்டே வரியைப் பற்றுதலால் துணியின் பளு குறைந்தது. எனினும் கசடேறியபின் குண்டை இறக்குதல் கடினமாயிற்று.

வேட்டையாடிய ஆங்கிலேயரே இச்சிக்கலை மிக ஆழமாக ஆராய்ந்தனர். ஈழத்தில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், 1854இல் வெளிவந்த தம் வேட்டை நூலில், யானைபோன்ற பெருவிலங்குகளுக்கு மருந்து மிகுதியாக வேண்டும் என வற்புறுத்தினார். ஆயின் மருந்தை மிகுத்தால், விரைந்து சுரியும் வரிகளைப் பற்றவியலாமற் பொதிதுணி கிழிய, குண்டு வரி தாவி ஓடும். 1863இல் சேம்சு போர்சைத்து என்னும் படையதிகாரி, இந்திய வேட்டைக்குரிய சுரிகுழலைப் பற்றி எழுதிய நூலில் இதற்குத் தீர்வு கண்டார். வரி 104 அங்குலத்திற்கு ஒருமுறை மட்டும் சுற்றுமாறு மெல்லச் சுரிந்தால், மருந்து மிகினும் துணியும் குண்டும் வரியை விடா என்பது அவர் முடிபு. துணியை வலிமையாக்க முயல்வதினும் துணியின்மேல் விழும் வலிமையைக் குறைத்தல் நன்று என அவர் கண்டது, கருவியியல் வரலாற்றில் சிறந்ததோர் எண்ணமாகும்.

இதற்கிடையே படைத்துறையில் காகிதம் துணியின் இடத்தைக் கவர்ந்தது. 1853இன் என்பீல்டு துப்பாக்கிக்கு நீண்ட குண்டு. அதனைச் சுற்றிக் கொழுப்பிட்ட காகிதம். அக்கொழுப்புப் பற்றிய ஐயமே 1857இன் பெருங்கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாயிற்று. அதற்கு முன்னர் இருவரித் துப்பாக்கியின் பொதிதுணிக்கு மெழுகும் எண்ணெயும் ஊட்டப்பட்டன. அதனால் எவர்க்கும் மனக்குறை எழவில்லை. குண்டைப் பொதிந்த பொருளின் பசை மாறியமை ஒரு பேரரசையே அசைத்தது எனின், இச்சிறு பொருளை வரலாற்றாசிரியர் புறக்கணித்தல் தகுமோ?

7. பழந்துப்பாக்கிகளை மதிப்பிடும் நெறி

1801 டிசம்பர் 1ஆம் நாள் வெளியிடப்பட்ட அறிக்கையால் தென்பாளையங்களில் படைக்கலம் ஏந்துதல் தடைசெய்யப்பட்டது. பின்னர் 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமச்சீட்டு முறையை நாடு முழுதும் பரப்பியது. இடைப்பட்ட காலத்திலும் அதன் பின்னரும் சமீன்தார்களின் அரண்மனைகளுக்கு வந்தவை பெரும்பாலும் வேட்டைத் துப்பாக்கிகள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமீன் முறை ஒழிந்தபின், அத்தகைய பொருள்கள் பல கைகளுக்கு மாறின. ஆகவே, பழமையான துப்பாக்கி ஒன்றைக் கண்டவுடன் 'இது புலித்தேவர் காலத்தது', 'இது கட்டபொம்மன் படையினது' எனத் துணிதல் ஆராய்ச்சிக்கு ஒவ்வாது.

குழலின் உள்ளே சுரிவரி உளதா என முதலில் நோக்குக. அடிக்கட்டையில் பொதிதுணிப் பேழை உளதா என அடுத்து நோக்குக. வெடிமூடி பொருத்தும் முலை உளதா எனப் பின்னர் நோக்குக. அம்முறை 1820களில் பரவியதாதலின், அஃதுளதேல் அத்துப்பாக்கி தன் இன்றைய வடிவிற் பாளையப் போர்க்காலத்தது ஆகாது. பழைய குழலுக்குப் புதுப்பொறி பொருத்துதலும் உண்டாதலின், குழலையும் பொறியையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். ஆராய்வோர் அவற்றிற் சுட்டுப் பார்க்க முனைதல் கூடாது; பல ஆண்டுகளுக்குமுன் இடப்பட்ட மருந்தும் குண்டும் குழலுள் அப்படியே இருத்தல் கூடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியப்படுவன இவை: பாளையப் போர்களில் இருதிறத்துக் காலாட்படையினரும் பெரும்பாலும் வரியற்ற குழலையே ஏந்தினர். அதற்கு வேண்டியது தக்கை. பொதிதுணி சுரிகுழலுக்கே உயிர்நாடியாவது. சுரிகுழலை அப்போர்களின் முடிவுக்குக் காரணமாகக் காட்டுதல் காலமுரண். வெற்றிதோல்வியை முடிவுசெய்தவை பெரும்பீரங்கியும், காகிதத் தோட்டாவும், அவற்றை இடையறாது வழங்கிய அமைப்புமேயாகும்.

தோற்றவர் திறமற்றவர் என்பதும், வென்றவர் கருவி தெய்வத்தன்மை வாய்ந்தது என்பதும் ஆராயாதார் கூற்று. வாசுதேவநல்லூரின் மதிலுடைப்பைப் பனைமரத்தாலும் வைக்கோலாலும் அடைத்து நின்றவர்தம் பெருமையை நிலைநாட்ட அவர் கையில் இல்லாத கருவியைக் கொடுக்க வேண்டுவதில்லை. இருந்த கருவி இன்னதென்று காட்டினாலே போதும். கதைப்பாடல்களில் வரும் படைக்கலப் பெயர்களைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எக்கருவியை, எவ்வுறுப்பை, எக்காலத்திற் குறித்தது என ஆராயும் அகராதி ஒன்று தமிழில் எழுதல் வேண்டும். அப்பணிக்கு இளம் ஆராய்ச்சியாளர் முன்வருவாராக.